நாரையின் காலடியில் நிழல்

வேலை கேட்டு வந்த அன்றே அவள் அந்தப் பட்டறையில் ஒரு பொய் சொன்னாள்.

கடை முகப்பு, பள்ளிக்கூட வாசல், மருத்துவமனைச் சுவர் என்று ஊரெல்லாம் சித்திரம் தீட்டும் பட்டறை அது. நடத்துகிறவள் ஒரு பெண். குரலை இறக்கிப் பேசத் தெரியாதவள். வேலையாட்கள் நேரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சூறாவளி என்பார்கள்.

"இழுப்பு வருமா உனக்கு?" என்று கேட்டாள் அக்கா.

தூரிகையை வைத்தால் எடுக்காமல் ஒரே மூச்சில் இழுக்கிற கோட்டுக்கு அந்தத் தொழிலில் இழுப்பு என்று பெயர். நிறம் நிரப்ப எத்தனையோ பேர் கிடைப்பார்கள். இழுப்பு வருகிறவர் கிடைப்பது அரிது.

"வராதுக்கா. நிரப்பத்தான் தெரியும்."

"தரையப் பாத்துப் பேசுற. சரி போ, எனக்கும் நிரப்பத்தான் ஆள் வேணும்."

அவள் ஏன் பொய் சொன்னாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. முன்பு வேறோர் ஊரில் அவளும் அவள் கணவனும் ஒரே சுவரில் வேலை செய்தவர்கள். அவள் கோடு இழுப்பாள். அவன் அதன் அடியில் நிழல் போடுவான். அவள் இழுத்தவரை சுவரோடு ஒட்டியிருக்கும் பறவை, அவன் நிழல் போட்டதும் சுவரை விட்டு எழுந்து நிற்கும். பார்த்தவர்கள் எல்லாம் ஜோடிப் பொருத்தம் என்றார்கள். வீட்டுக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் மகளைப் பள்ளியில் விடப் போகிறவளைப் போலக் கிளம்பி, பள்ளியைத் தாண்டிப் போய்ப் பேருந்து ஏறி, அது நின்ற இடத்தில் இன்னொன்று ஏறி, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். முடியை வெட்டிக்கொண்டாள். பெயரை மாற்றிக்கொண்டாள். மகளுக்கும் ஒரு புதுப்பெயரைச் சொல்லிக்கொடுத்தாள். மாற்ற முடியாமல் மிஞ்சியது வலது கை ஒன்றுதான்.

அவள் கோடு காய்ந்தாற்போல் தொடங்கும், நடுவில் பருக்கும், முடியும் இடத்தில், தூரிகை சுவரை விட்டு எழும் முன்பு, மனம் மாறியதுபோல் சற்றே திரும்பும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. நடை மாதிரி, தும்மல் மாதிரி, அது அவளோடு பிறந்தது.

"நீ எத்தனை ஊர் தாண்டிப் போனாலும் உன் இழுப்பு உன்னைக் காட்டிக்கொடுத்துடும்" என்று அவன் ஒருமுறை சொல்லியிருந்தான். கோபத்தில் சொல்லவில்லை. அவள் தலையைக் கோதிக்கொண்டே சொன்னான்.

ஆகவே நிரப்பினாள். வானம் நிரப்பினாள், சுவர் சுவராகப் புல்வெளி நிரப்பினாள். ஓரம் வந்தால் அடுத்தவரிடம் தூரிகையைக் கொடுத்துவிட்டு டப்பா கழுவப் போய்விடுவாள். "ஓரம்னா இவளுக்குப் பேயி" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். சாலையோரச் சுவர் என்றால் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வாள். கேட்டால், பெயிண்ட் வாடை ஆகாது என்பாள்.

இந்த நிலையில்தான் குழந்தைகள் மருத்துவமனையின் வெளிச்சுவர் வேலை வந்தது. நீண்ட சுவர். குளத்தில் நாரைகள் நிற்கிற சித்திரம். அதைச் செய்வதில் ஒரு முறை உண்டு. குளத்தின் நிறத்தை முதலில் சுவர் முழுக்கப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நாரைகளை இழுத்துவிட வேண்டும். ஈரத்தில் இழுத்தால் கோட்டின் ஓரம் கசிந்து இறகாகும். காய்ந்த பிறகு இழுத்தால் நாரையின் கழுத்து தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கும்.

இழுப்புக்கு ஒட்டகம் இருந்தான். கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர். குளம் பூசி முடித்த நேரத்தில், ஏணியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்து விழுந்தான். மணிக்கட்டு கண்முன்னே வீங்கியது.

"ஏன்டா, இவ்வளவு நீளமா வளந்திருக்கியே, தரை எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று அக்கா தலையில் கைவைத்தாள்.

"மேலேருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குக்கா" என்றான் ஒட்டகம் வலியோடு.

அக்காவே தூரிகையை எடுத்து ஒரு நாரையை முயன்றாள். வாத்தும் இல்லாமல் பாம்பும் இல்லாமல் ஏதோ வந்தது. மருத்துவமனைத் தாதிகள் ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுவரின் மேல் விளிம்பில் ஈரம் மங்கத் தொடங்கியது.

"போச்சு. எல்லாம் போச்சு. சுரண்டிட்டு முதல்லேருந்து பூசணும்" என்று அக்கா நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். எந்நேரமும் கத்துகிற மனுஷி கத்தாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நிரப்ப வந்தவள் தூரிகையைக் கையில் எடுத்தாள். இடது கையால்தான் எடுத்தாள். முதல் கோடு செத்துப்போய் வந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. தூரிகை வலது கைக்கு மாறியிருந்தது. காய்ந்தாற்போல் தொடங்கிய கழுத்து நடுவில் பருத்து, அலகில் முடியும் இடத்தில் சற்றே திரும்பியது. ஈரம் கசிந்து இறகாயிற்று. பட்டினி கிடந்தவன் கையில் சோறு கிடைத்தால் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவானா? ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். சுவர் முடிகிற வரையில் அவளுக்குப் பயம் என்ற ஒன்றே நினைவில் இல்லை.

முடித்துவிட்டுத் திரும்பினால், சாலையில் கூட்டம். ஒரு தாதி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"படம் எடுக்காதீங்க" என்றாள் அவள்.

"உங்களை எடுக்கலைங்க, கொக்கைத்தான் எடுத்தேன்" என்றாள் தாதி.

"கொக்கு இல்லம்மா, நாரை" என்றான் ஒட்டகம் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் இவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றான்.

நாரை மட்டும் இருக்கும் படம் என்பதுதான் ஆபத்து என்பதை அவளால் அவர்களிடம் எப்படிச் சொல்ல முடியும்? மறுநாளே அந்தப் படம் போன் போனாகத் தாவியது. அக்கா பெருமை தாங்காமல் பார்க்கிற எல்லோருக்கும் அனுப்பினாள். "அழிச்சிடலாம்க்கா, வேற மாதிரி வரைஞ்சு தரேன்" என்று அவள் கெஞ்சியபோது, "பைத்தியமாடி உனக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் தினமும் மகளைப் பள்ளியில் விட்டதும் நேரே பட்டறைக்குப் போகாமல் மருத்துவமனைச் சுவர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். எதிர்ச்சாரியில் மரத்தோரம் நின்று பார்ப்பாள். நாரைகள் வெறும் நாரைகளாக நிற்கும். மூச்சு விட்டுக்கொண்டு நடப்பாள். பின்னால் யாராவது இருமினால் நடையைக் கூட்டுவாள்.

பயம் கொஞ்சம் தணிந்த ஒரு காலையில் அது நடந்தது. தூரத்திலிருந்தே ஒரு மாற்றம் தெரிந்தது. சுவரின் கடைசியில் நிற்கும் நாரை மட்டும் மற்றவற்றைவிட முன்னால் வந்து நின்றது. சுவரை விட்டு எழுந்து நின்றது.

அவள் சாலையைக் கடந்து போனது அவளுக்கு ஞாபகமில்லை. ஒரு வண்டிக்காரன் திட்டியது மட்டும் காதில் விழுந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். நாரையின் காலடியில் சாம்பலும் நீலமும் கலந்த நிழல். விரலால் தொட்டாள். ஓரத்தில் இன்னும் பிசுபிசுத்தது.

அதற்குள் ஒட்டகம் வந்துவிட்டான். கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்குப் போகிற வழியில் வந்தவன், நிழலைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"அம்மாடி! இதையும் நீதான் போட்டியா? என்ன மென்மை! தூங்குற குழந்தைக்குப் போர்வை போத்துற மாதிரி இருக்கு."

நிழலைத் தொட்ட விரலை அவள் சுவரிலேயே தேய்த்துத் துடைத்தாள்.

அவனுடைய தூரிகையை அவள் பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவன் கத்துகிற நாட்களில் நிழல் கரடுமுரடாக வரும். தூரிகையின் மயிர் சுவரில் உதிரும். வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிவிட்டுத் தூங்கிப்போவான். அந்த நாட்களில் அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை. அவன் அமைதியாகிற நாட்கள் வேறு. குரல் இறங்கும். சிரிப்பான். தூரிகை பட்டும் படாமல் போகும். ஓரங்களை ஊதி ஊதி மென்மையாக்குவான். அப்படியொரு நிழலை அவன் போடுவதைப் பார்த்த சாயங்காலமெல்லாம் அவள் மகளைப் பக்கத்து வீட்டில் தூங்கவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். காலண்டரைப் பார்ப்பதுபோல அவன் நிழலைப் பார்த்து, வரப்போவதைத் தெரிந்துகொள்ளப் பழகியிருந்தாள்.

இத்தனை மென்மையாக அவன் போட்ட நிழலை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

பட்டறைக்கு ஓடினாள். அக்கா முற்றத்தில் டப்பாக்களை நெம்பித் திறந்துகொண்டிருந்தாள். அக்காவின் கணவர், எல்லோருக்கும் மாமா, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடிவந்தவள் மூச்சு வாங்க, முன்னுக்குப் பின்னாக, எல்லாவற்றையும் சொன்னாள். பொய்ப்பெயரைச் சொன்னாள். பேருந்தைச் சொன்னாள். நிழலைச் சொன்னாள்.

அக்கா முகம் சுருங்கியது. போனை எடுத்து, ஒட்டகம் அதற்குள் அனுப்பியிருந்த நிழலின் படத்தைப் பார்த்தாள்.

"அடிச்சான்னா தப்புதான்டி. நான் இல்லங்கல. ஆனா இதைப் பாரேன். இவ்வளவு பதமா போடுறவன் சண்டைக்கா வந்திருப்பான்? மன்னிப்பு கேக்க வந்திருப்பான். வாயால கேக்கத் தெரியாம இப்படிக் கேட்டிருக்கான்."

"அக்கா..."

"எங்க வீட்டு மனுஷனும்தான் சண்டை போட்டா ரெண்டு நாள் கழிச்சுக் காபி போட்டு வச்சிட்டு நிப்பாரு."

"என்னை ஏன் இழுக்கிற?" என்றார் மாமா.

அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் வெள்ளை பூசிய பலகை ஒன்று சாத்தியிருந்தது. தட்டைத் தூரிகையை எடுத்து ஒரு நாரையை இழுத்தாள். பிறகு பிடியை மாற்றினாள். கட்டைவிரலை மடக்கி, தூரிகையின் நுனியைப் பிடித்து, அவன் பிடிப்பதுபோலப் பிடித்தாள். அந்தப் பிடிக்கு வந்ததும் தோள் தானாக இறங்கியது. மூச்சு மெதுவாயிற்று. தன் உடம்புக்குள் அவன் வந்து நிற்பதுபோல இருந்தது. அழுகை வந்தது, அழாமல் நிழலைப் போடத் தொடங்கினாள்.

"வெளிச்சம் எந்தப் பக்கம்க்கா?"

"இடது பக்கம்" என்றாள் அக்கா.

"அப்ப நிழல் எங்க விழணும்?"

"வலது பக்கம். இது என்ன பள்ளிக்கூடமா?"

"பாருங்க."

நிழல் வலது பக்கம் விழுந்து, அங்கே நிற்கவில்லை. பட்டும் படாமல் நாரையின் பின்னால் போனது. இடது பக்கம் வந்தது. காலைச் சுற்றி முன்னால் வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது. ஓரம் அத்தனை மிருது. எந்தப் பக்கமும் திறப்பில்லை. கடைசியாக, தூரிகையின் நுனியால் நாரையின் கால் கோட்டைத் தொட்டுத் தொட்டு, கோடு எது நிழல் எது என்று தெரியாமல் கரைத்தாள்.

அக்கா போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினாள். அதே வளையம். நாரைக்குக் கால் இல்லை. அக்காவின் கை தன் கழுத்தைத் தடவிக்கொண்டது.

"மூச்சு முட்டுதுடி" என்றாள், வாழ்நாளில் முதல்முறையாகத் தணிந்த குரலில். உடனே திரும்பினாள். "என்னங்க, நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க. பிள்ளையக் கூட்டிட்டு வந்து பின்பக்கமா..."

"பின்பக்கம் ஏது வாசல்?"

"சரி, முன்பக்கமாவே கொண்டாங்க, சீக்கிரம்!"

மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினாள். அவளைச் சாமான் அறைக்குள் தள்ளினாள்.

டப்பாக்களுக்கு நடுவே அவள் குந்தியிருந்தாள். பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடை மூக்கை அரித்தது. கதவின் விரிசல் வழியே இரும்புக் கேட்டும், அதற்கு அப்பால் தெருவின் ஒரு துண்டும் தெரிந்தன. அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"வணக்கம்ங்க" என்று ஒரு குரல். இறங்கிய குரல். "என் வீட்டுக்காரி இங்க வேலை செய்றதா சொன்னாங்க."

வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் காகிதப் பொட்டலம். இளைத்திருந்தான். யார் பார்த்தாலும் இரக்கப்படும் முகம்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றாள் அக்கா.

"பரவாயில்லைங்க. அவளுக்குப் பிடிச்ச பிரஷ் வாங்கிட்டு வந்தேன். கொடுத்துட்டுப் போயிடுறேன். குழந்தையை ஒரு தடவை பாத்தாப் போதும்."

"எந்தக் குழந்தைங்க? இது பெயிண்ட் பட்டறை."

அவன் அக்காவின் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்க்கிறான் என்பது விரிசலில் கண்வைத்திருந்த அவளுக்குப் புரிந்தது. பலகை. ஈரம் காயாமல், முற்றத்துச் சுவரில், எல்லோரும் பார்க்கும்படி அவள் விட்டுவிட்டு வந்த பலகை. அதில் அவள் நாரை. அதன் கீழே அவனுடைய நிழல்.

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"யாருங்க அதைப் போட்டது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"நீங்களா! நல்ல கை. இன்னொண்ணு போடுங்களேன், பாப்போம்."

அக்கா போனைக் கையில் எடுத்தாள். அவன் கேட்டின் கம்பிக்கு நடுவே கையை விட்டு, அவசரமே இல்லாமல், உள்தாழ்ப்பாளைத் தேடத் தொடங்கினான். அவளுக்குப் பின்னாலேயே பட்டறைக்கு வந்திருந்த ஒட்டகம் ஓடிவந்து தாழ்ப்பாளைப் பிடித்தான், ஒற்றைக் கையால்.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டது. வழக்கமாக முனை திரும்பும்போது அடிக்கிற ஹாரனை அவர் இன்றைக்கும் அடித்தார். வண்டியில் மகள் இருப்பாள். முன் இருக்கையில், ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு. இவன் தலையைத் திருப்பினால் போதும்.

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். அவன் பார்வை கேட்டை விட்டு அவள் மேல் வந்து நின்றது.

"முடியை வெட்டிட்டியே" என்றான் மெல்ல. "ஏம்மா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. நேரே பலகையிடம் போனாள். கீழே கிடந்த அகலத் தூரிகையை எடுத்து, திறந்திருந்த டப்பாவில் அடிவரை முக்கி, அந்த மிருதுவான நிழலின் மேல் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்தாள். சிவப்பு. இன்னொன்று. வளையம் உடைந்தது. இன்னொன்று.

"என்ன செய்ற?"

இன்னொன்று.

"என் வேலைய அழிக்கிறியா? ஏய்! என் வேலைய அழிக்கிறியாடி?"

குரல் ஏறியது. பொட்டலம் கீழே விழுந்தது. அவன் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து உலுக்கினான். அத்தனை காலம் யாருக்கும் கேட்காத வார்த்தைகள் எல்லாம் தெருவுக்குக் கேட்டன. வெட்டிப் போடுவேன் என்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன், நீ முகத்தையே பார்க்க மாட்டாய் என்றான். எதிர்ச்சாரி இரும்புக் கடையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். மாடிகளில் தலைகள் முளைத்தன. தெருமுனையில் மாமா வண்டியை நிறுத்தி, அப்படியே பின்னால் எடுத்து மறைந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அதன் பிறகுதான் கை நின்றது.

"கத்தட்டும்க்கா, விடுங்க" என்றாள், பக்கத்தில் வந்து நின்ற அக்காவிடம். "கத்துறவரைக்கும் ஒண்ணுமில்ல."

அக்கா போலீசுக்குப் போன் செய்து முடித்திருந்தாள். நிலையம் பக்கத்துத் தெருவில்தான். ஒரு பெண் காவலரும் இன்னும் இருவரும் வந்தார்கள். இரும்புக் கடைக்காரர்கள் அவனை வளைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஆள் சொன்னார்கள், தாங்கள் கேட்டதை.

காக்கிச் சட்டையைக் கண்டதும் அவன் நிறுத்தினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். விழுந்த பொட்டலத்தைக் குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினான்.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றான் இறங்கிய குரலில். "குடும்ப விஷயம். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டேன். அவளுக்கு ஒரு பிரஷ் கொடுக்கத்தான் வந்தேன்."

பெண் காவலரின் முகம் இளகியது. "புருஷன் பொண்டாட்டி சண்டையாம்மா இது?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பட்டும் படாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மேடம்" என்று அக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அவன் கத்தும்போது நீங்க வரலைன்னாக்கூட நான் பயந்திருக்க மாட்டேன். இப்ப எனக்குப் பயமா இருக்கு. இவனை இப்படி விட்டுட்டுப் போயிடாதீங்க. புகார் நாங்க எழுதிக் கொடுக்குறோம், நானும் கையெழுத்துப் போடுறேன்."

"நானும்" என்றான் ஒட்டகம். "இடது கையால போட்டாச் செல்லுமா?"

பெண் காவலர் ஒரு கணம் எல்லோரையும் பார்த்தார். பிறகு அவன் முழங்கையைப் பிடித்தார். "ஸ்டேஷனுக்கு வாங்க, பேசலாம்."

அவன் மறுக்கவில்லை. நடந்தான். கேட்டோரம் வந்தபோது பொட்டலத்தை அதன் கம்பிமேல், விழுந்துவிடாதபடி, மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

அதை யாரும் தொடவில்லை. அக்கா அவள் கையிலிருந்த தூரிகையை வாங்க முயன்றாள், விரல் பிரியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"வா, முதல்ல புகாரை எழுது" என்றாள். "உன் சொந்தப் பேரைப் போட்டு எழுது."